பழைய ஸ்போர்ட்ஸ் காரில் அலாரம், ரிமோட் ஸ்டார்ட்: எந்தக் கோளாறுக்கு எங்கே தேடுவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய வண்டி வைத்திருப்பவருக்கு இரண்டு கவலை. நிறுத்திய இடத்தில் வண்டி காலையில் இருக்குமா என்பது ஒன்று. இருந்தாலும் அந்த இடத்தை விட்டு நகருமா என்பது இன்னொன்று. முதல் கவலைக்காக அலாரம் போடுகிறோம். போட்ட விதம் சரியில்லை என்றால் இரண்டாவது கவலையையும் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்.

இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சின்ன ஆட்டோ எலெக்ட்ரிக்கல் பட்டறையில் வேலை செய்கிறேன். பழைய கோல்ஃப் ஜிடிஐ, பெட்டி வடிவ பிஎம்டபிள்யூ, ட்வின்கேம் கொரோலா, எம்எக்ஸ்-5, எப்போதாவது ஒரு மெர்சிடிஸ் எஸ்எல் என்று வரும். "அண்ணா, அலாரம் போச்சு" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். பத்தில் எட்டு வண்டியில் அலாரம் போயிருக்காது. எர்த் (பேட்டரி நெகட்டிவ் வண்டியின் இரும்பு உடலோடு சேரும் இணைப்பு) போயிருக்கும், இல்லையென்றால் ஒரு இணைப்பு போயிருக்கும். அதனால் அலாரம் பெட்டியை மாற்றுவதற்கு முன்னால் கீழே உள்ளதைப் பாருங்கள்.

தேவையானவை: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், கொஞ்சம் வயர், ஈயப்பற்று வைக்கும் இரும்பு, பொறுமை. பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப்பை இன்ஜெக்ஷன் வண்டியின் கம்ப்யூட்டர் வயர்களில் குத்த வேண்டாம், அந்தப் பல்பு இழுக்கும் கரண்ட்டே உள்ளே எதையாவது சுட்டுவிடும். மஞ்சள் உறை போட்ட வயர்கள் ஏர்பேக்குடையவை, அந்தப் பக்கமே போகாதீர்கள். எதைத் தொடங்கும் முன்னும் பேட்டரியை அளந்துகொள்ளுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. பாதி பேட்டரியை வைத்துக்கொண்டு அலாரத்தை ஆராய்ந்தால் வராத பேயெல்லாம் வரும்.

நள்ளிரவில் தானாகக் கத்துகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். எது தூண்டியது என்று பல அலாரங்கள் தாமே சொல்லிவிடும். ரிமோட்டில் அணைத்ததும் டேஷ்போர்டில் உள்ள சின்ன விளக்கு எத்தனை தடவை மினுக்குகிறது என்று எண்ணினால் கதவா, பானெட்டா, அதிர்வு சென்சாரா என்று தெரியும். அட்டவணை கையேட்டில் இருக்கும். கையேடு முந்தின ஓனரின் வீட்டில் இருக்கும். அப்படியானால் ஒரு இரவுக்கு ஒரு சென்சார் என்று கழற்றிவிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மழை பெய்தால் மட்டும் கத்துகிறதா? நேரே பானெட் சுவிட்சுக்குப் போங்கள். ஒரு சிவப்பு பிஎம்டபிள்யூ 325ஐஎஸ் வந்தது, டவுன்ஷிப் பையன்கள் குஷேஷே என்று செல்லமாகக் கூப்பிடும் அதே பெட்டி வண்டி. மழை இரவுகளில் விடிகாலை மூன்று மணிக்குக் கத்தித் தெருவையே எழுப்பிவிடுமாம். வண்டிக்காரத் தம்பி அதற்குள் அலாரம் பெட்டியை இரண்டு தடவை மாற்றிவிட்டார். நான் பானெட்டைத் திறந்து ஓரத்தில் இருந்த பின் சுவிட்சைக் கழற்றினேன். ரப்பர் தொப்பி கிழிந்திருந்தது. உள்ளே காப்பித்தூள் மாதிரி துரு, அதன் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் அசையாமல் நின்றது. அந்த சுவிட்சின் வயர் எர்த்தைத் தொட்டால் பானெட் திறந்துவிட்டது என்று அலாரம் எடுத்துக்கொள்ளும். அதற்கு ஈரத்துருவே போதும். பின்னை அழுத்திப் பிடித்து மீட்டரை ஓம்ஸில் வைத்தேன். இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டிய மீட்டர் 2 கிலோ ஓம் காட்டியது. தண்ணீர் ஓடும் பள்ளத்திலிருந்து நாலு விரல் தள்ளிப் புது சுவிட்ச் வைத்து, கிரீஸ் தடவி மூடினேன். ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றித் தருவார்களே பன்னி சௌ, அதன் விலைகூட ஆகவில்லை. (ஊரிலிருந்து புதிதாக வருபவர்கள் பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். உள்ளே இருப்பது ஆடோ கோழியோ பீன்ஸோதான்.)

மழை இல்லாமலும் கத்துகிறது என்றால் கதவு. பழைய வண்டிகளில் கதவுத் தூணில் உள்ள சுவிட்ச் உள்விளக்குக்கு எர்த் கொடுக்கும், அலாரம் அதே வயரைத்தான் கவனிக்கும். சில வண்டிகளில், முக்கியமாகப் பழைய ஃபோர்டுகள் சிலவற்றில், எர்த்துக்குப் பதில் பாசிட்டிவ் வரும். போட்டவர் அதை மாற்றிப் போட்டிருந்தால் கதவைத் திறந்தாலும் அலாரம் சும்மா இருக்கும். கதவைத் திறந்து ஒரு தடவை, மூடி ஒரு தடவை அளந்தால் எது என்று தெரிந்துவிடும். உள்விளக்கு மெல்ல மங்கி அணையும் வண்டியில், விளக்கு அணைவதற்குள் அலாரம் கண் விழித்துக்கொண்டு கதவு திறந்திருக்கிறது என்று கத்துவதும் உண்டு. அலாரம் அமைப்பில் கதவுக்கான தாமதத்தைக் கூட்டுங்கள்.

அதிர்வு சென்சாரை ஸ்டியரிங் தண்டில் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் உடலோடு போகும் இரும்புப் பட்டையில், ஆடாமல், கட்டுப்பட்டை போட்டு இறுக்க வேண்டும். பிறகு உணர்திறனைப் பாதிக்குக் கீழே வைத்து, கண்ணாடி அருகில் உள்ளங்கையால் தட்டித் தட்டிக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தைப்பூசக் காவடி அன்று கோயில் வாசலில் நிறுத்திப் பாருங்கள், மேளம் உச்சத்துக்குப் போகும்போது வரிசையில் எந்த வண்டியின் சென்சார் அதிகமாகத் திருகப்பட்டிருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும். தீபாவளி இரவும் அப்படித்தான். ஆனால் எங்கள் பக்கத்துக் குரங்குகளுக்கு மருந்து கிடையாது. கூரையிலிருந்து பானெட்டில் குதித்தால் எந்த சென்சாரும் கத்தத்தான் செய்யும், கத்துவதுதான் நியாயமும்.

துணிக்கூரை வண்டியில் அல்ட்ராசோனிக் சென்சார் வைக்கவே கூடாது. காற்றில் கூரை படபடத்தாலே உள்ளே ஆள் நடமாட்டம் என்று நினைத்துக்கொள்ளும். பழைய கோல்ஃபில் இன்னொரு வேடிக்கை உண்டு: வண்டியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் திரும்ப ஓடும். வோல்டேஜ் இறக்கத்தை வைத்துத் திருடனைக் கண்டுபிடிக்கும் அலாரமாக இருந்தால், பூட்டிவிட்டு நாம் பத்து அடி நடப்பதற்குள் ஃபேன் ஓடும், அலாரம் கத்தும். அந்த வோல்டேஜ் வசதியை அணைத்துவிட்டுக் கதவுக்கும் டிக்கிக்கும் பின் சுவிட்ச் வைப்பதே நல்லது.

பேட்டரியைக் கழற்றியும் சைரன் கத்துகிறதா? சைரனுக்குள் தனி பேட்டரி இருக்கிறது. அதன் பக்கவாட்டில் ஒரு குட்டிச் சாவித் துவாரம் இருக்கும். அந்தச் சாவி எங்கே என்று இன்றைக்கே தேடி வைத்துக்கொள்ளுங்கள், கத்தும்போது தேடினால் கிடைக்காது.

இரண்டு மூன்று நாள் நின்றால் பேட்டரி காலி

அலாரத்தைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒழுங்கான அலாரம் காவலில் இருக்கும்போது 20 மில்லி ஆம்பியர் அளவில்தான் குடிக்கும். கடிகாரம், ரேடியோ நினைவு எல்லாம் சேர்த்து 50-க்குள் இருந்தால் சரி. 45 ஆம்பியர்-மணி பேட்டரியை 50 மில்லி ஆம்பியர் முழுதாகத் தீர்க்க 900 மணி நேரம், அதாவது 37 நாள் ஆகும். ஆனால் டிக்கிக்குள் 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் எரிந்தால் 0.4 ஆம்பியர் போகும். அதே பேட்டரி ஐந்து நாளுக்குள் தீரும், இரண்டாம் நாளே செல்ஃப் அடிக்கத் திணறும்.

அளக்கும் முறை: பானெட்டைத் திறந்து வைத்து, பானெட் சுவிட்சைக் கட்டுப்பட்டையால் அழுத்திவிடுங்கள். கதவுத் தூணில் உள்ள சுவிட்சையும் அதேபோல் அழுத்திவிடுங்கள், கதவு திறந்திருந்தாலும் மூடியதாகவே வண்டி நினைக்க வேண்டும். மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாட்டி, பேட்டரி நெகட்டிவுக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் வையுங்கள். மீட்டர் இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பக் கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும். அலாரத்தைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். 50-க்கு மேல் நின்றால் பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது எண் விழுகிறதோ அந்தக் கிளையில்தான் திருடன். எல்லா பியூஸையும் உருவியும் விழவில்லை என்றால் பியூஸ் பெட்டிக்கு முன்னாலேயே பிரியும் வயர்கள்: ஆல்டர்னேட்டர் ஒன்று, அலாரம் இன்னொன்று. அலாரத்தைக் கடைசியாகக் கழற்றுங்கள்.

ஒரு பக்கம் இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் மினுக்குகிறது

அலாரத்தின் ஒரே ஒரு விளக்கு வயரை இடது, வலது இரண்டு இண்டிகேட்டரிலும் சேர்த்து முறுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு டையோடு போட வேண்டும், கோடு போட்ட முனை இண்டிகேட்டர் பக்கம் இருக்கட்டும். 21 வாட் பல்புகளுக்கு 1 ஆம்பியர் டையோடு தாங்காது, 6 ஆம்பியர் வாங்குங்கள். மேலெழும் ஹெட்லைட் வண்டியில் பூட்டும்போதெல்லாம் கண் விழிக்கிறது என்றால், பார்க்கிங் லைட் வயருக்குப் பதில் ஹெட்லைட் சுவிட்ச் வயரைப் பிடித்துவிட்டார்கள். பார்க்க அழகுதான், மோட்டார்தான் பாவம்.

பக்கத்தில் போனால்தான் ரிமோட் வேலை செய்கிறது

ரிமோட் பேட்டரியை மாற்றுங்கள். சரியாகவில்லையா, அலாரத்திலிருந்து தொங்கும் ஆன்டெனா வயரைப் பாருங்கள். கட்டுக்குள் சுருட்டி டேப் போட்டிருப்பார்கள். அதை எடுத்து, இரும்பைத் தொடாமல் நீளமாக விடுங்கள். கண்ணாடியில் உலோகப் படலம் ஒட்டியிருந்தாலும் தூரம் குறையும்.

வீட்டில் சரியாக வேலை செய்து, கடைத்தெரு பார்க்கிங்கில் மட்டும் பூட்டவில்லை என்றால் அது வண்டிக் கோளாறு அல்ல. திருடன் ஒருவன் கையில் ஒரு கேட் ரிமோட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். இங்கே ரிமோட்கள் பெரும்பாலும் 403 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன, அதே அலையில் சத்தம் போட்டால் உங்கள் ரிமோட்டின் குரல் வண்டிக்குக் கேட்காது. கைப்பிடியை இழுத்துப் பார்க்காமல் நகராதீர்கள்.

பூட்டு

ரிமோட்டில் பூட்டினால் திறக்கிறது, திறந்தால் பூட்டுகிறது என்றால் பூட்டு வயர்கள் இரண்டும் இடம் மாறியிருக்கும். அந்தந்த வண்டிக்கு நெகட்டிவ், பாசிட்டிவ், துருவம் மாறும் மோட்டார் என்று வகை வேறு. பழைய மெர்சிடிஸ் எஸ்எல்லில் பூட்டை இழுப்பது வெற்றிடக் குழாய், அதில் நேரடியாக வயரே கிடையாது. ஓட்டுநர் கதவில் ஒரு சின்ன மோட்டார் வைத்தால் மற்றதைக் குழாய் பார்த்துக்கொள்ளும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் அணைகிறது

இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். என்2 நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் எஞ்சின் அணைந்த ஒருவர் என்னிடம் வந்தபோது அவர் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு கேள்வி: அணைவதற்குக் கொஞ்சம் முன்னால் கதவைத் திறந்து மூடினீர்களா? நம் ஊர் அலாரம் பலவற்றில் வண்டிக் கடத்தல் தடுப்பு வசதி உண்டு. எஞ்சின் ஓடும்போது கதவு திறந்தால், மறைவான பொத்தானை அழுத்தாவிட்டால், கொஞ்ச நேரத்தில் எஞ்சினை நிறுத்தும். பழைய வண்டியை வாங்கியவருக்குப் பொத்தான் இருப்பதே தெரியாது. கேட்டைத் திறக்க இறங்கி ஏறினார், தெருமுனையில் வண்டி நின்றது என்றால் அதுதான் விஷயம். பொத்தானைத் தேடுங்கள்: கம்பளத்துக்கு அடியில், இருக்கைக்குப் பக்கத்தில், ஸ்டியரிங்குக்குக் கீழே. கிடைக்கவில்லை என்றால் அந்த வசதியையே அணைத்துவிடுங்கள்.

கதவுக்குச் சம்பந்தமில்லை, மேடு பள்ளத்தில் அணைகிறது, திரும்பத் தானே பிடிக்கிறது என்றால், திருடன் கிளப்ப முடியாதபடி தடுக்கும் இம்மொபிலைசருக்காக வயரை வெட்டிய இடத்தில் கோளாறு. எஞ்சினை ஐடிலில் விட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து, வயர்க் கட்டை மெல்ல ஆட்டுங்கள். ஒரு இடத்தில் எஞ்சின் இருமும். அங்கே டேப்பைப் பிரித்தால் நீலநிற கவ்வி ஒன்று இருக்கும், வயரை வெட்டாமல் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கவ்வி. முப்பது வருட வயரில் அதன் பல் பாதி இழைகளை அறுத்துவிட்டு மீதியில் தொங்கும். டர்பனின் கடல் காற்று ஒரு வருடத்தில் அதைப் பச்சையாக்கிவிடும். அந்தக் கவ்விகளை ஒன்று விடாமல் எடுத்துவிட்டு, ஈயம் வைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு, ஆடாமல் கட்டுங்கள். ரிலேயையும் பாருங்கள்: தொட்டால் சுடுகிறது, கால்கள் பழுப்பாகியிருக்கின்றன என்றால் மாற்றத்தான் வேண்டும்.

என் பழக்கம், பழைய வண்டியில் இக்னிஷனை வெட்டுவதில்லை, செல்ஃபை மட்டும் வெட்டுவேன். ரிலே செத்தால் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான். நடுரோட்டில் நிற்காது. ஆனால் காப்பீட்டுக்காரர் வெசா (இங்குள்ள வாகனப் பாதுகாப்புச் சங்கம்) சான்றிதழ் கேட்கும் வண்டி என்றால் வெட்டும் இடங்களை அவர்கள் விதிப்படி அங்கீகாரம் பெற்றவர்தான் போட வேண்டும். வீட்டில் நாமே போட்டதற்குச் சான்றிதழ் கிடைக்காது.

ரிமோட்டில் செல்ஃப் அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

சாவியில் பிடிக்கிறது, ரிமோட்டில் மட்டும் இல்லை என்றால் சாவித் துவாரத்துக்குப் பின்னால் உள்ள ஏதோ ஒரு வயரை ரிமோட் ஸ்டார்ட்டர் ஊட்டவில்லை. அங்கே எப்போதும் 12 வோல்ட் இருக்கும் வயர் ஒன்று. செல்ஃப் அடிக்கும்போது மட்டும் உயிர் வருவது ஒன்று. ரேடியோ பக்கம் போவது செல்ஃப் அடிக்கும்போது செத்துவிடும். இக்னிஷன் வயர் செல்ஃபின்போதும் ஓடும்போதும் விடாமல் உயிரோடு இருக்க வேண்டும். இக்னிஷன் வயர் சில வண்டிகளில் இரண்டு, சில நிஸ்ஸான்களில் செல்ஃப் வயரே இரண்டு. ஒவ்வொன்றையும் சாவியின் ஒவ்வொரு நிலையிலும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், முந்தின ஓனர் சிவப்பு தீர்ந்தால் பச்சையைப் போட்டிருப்பார்.

பழைய ட்வின்கேம் டொயோட்டாக்கள் சிலவற்றில் பெட்ரோல் பம்ப் ரிலே, செல்ஃப் வயரிலிருந்தும் காற்று அளவியிலிருந்தும் உயிர் பெறும். ரிமோட் ஸ்டார்ட்டரின் செல்ஃப் வயரை நேரே மோட்டாருக்கு இழுத்தால் பம்ப்புக்குச் செய்தியே போகாது. மணிக்கணக்கில் செல்ஃப் அடித்தாலும் பெட்ரோல் வராது.

பிடிக்கிறது, செல்ஃபை விட்டதும் அணைகிறது

காயிலுக்கு முன்னால் பேலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டிகளில் இது சகஜம். செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்கு முழு 12 வோல்ட் ஒரு வயரில் வரும், ஓடும்போது ரெசிஸ்டர் வழியாக இன்னொரு வயரில் குறைத்து வரும். இரண்டாவதை ஊட்டாவிட்டால் விரலை எடுத்ததும் எஞ்சின் அணையும். மாற்றிப் போட்டு ரெசிஸ்டரைத் தாண்டி எப்போதும் முழு வோல்டேஜ் கொடுத்தால் ஓடும், ஆனால் காயிலும் பாயிண்ட்டும் சீக்கிரம் கருகும்.

கார்புரேட்டர் வண்டி என்றால் இன்னொன்று: காலையில் ஆக்சிலரேட்டரை இரண்டு மிதி மிதித்தால்தான் பிடிக்கும் வண்டியை ரிமோட் எப்படி மிதிக்கும்? தானியங்கி சோக் இல்லாத வண்டியில் ரிமோட் ஸ்டார்ட் வேண்டாம்.

எஞ்சின் பிடித்த பிறகும் செல்ஃப் கர்ர்ர் என்று ஓடுகிறது

எஞ்சின் சுழற்சி ரிமோட் ஸ்டார்ட் பெட்டிக்குத் தெரியவில்லை. காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து எடுத்த வயரைப் பாருங்கள். அந்த முனையில் நூற்றுக்கணக்கான வோல்ட் துடிப்பு வரும், நல்ல உறையுள்ள வயர் போட்டு, ஸ்பார்க் வயர்களை விட்டுத் தள்ளி இழுங்கள். பிறகு கையேட்டில் உள்ளபடி ஐடிலைப் பெட்டிக்குக் கற்றுக்கொடுங்கள். பேட்டரி வோல்டேஜை வைத்து ஊகிக்கும் முறையைப் பழைய ஆல்டர்னேட்டரோடு சேர்க்காதீர்கள்.

செல்ஃபே அடிக்காமல் டக்டக் என்று ரிலே மட்டும் துடித்தால் எர்த்தைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை பெட்டியின் எர்த் போல்ட்டில். ரிமோட்டில் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் போல்ட்டைக் கழற்றி, பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்குங்கள்.

ரிமோட்டை அழுத்தியதும் வண்டி முன்னால் பாய்ந்தது

கியரில் நின்றிருக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் இதைத் தடுக்க நியூட்ரல் சுவிட்ச் இருக்கிறது. கையால் கியர் போடும் வண்டியில் கிளட்ச் சுவிட்சை யாராவது ஷார்ட் செய்துவிட்டு ரிமோட் ஸ்டார்ட் போட்டிருப்பார்கள். அதற்கென்று வரும் பெட்டிகளில் ஒரு முறை உண்டு: எஞ்சின் ஓடும்போதே ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் விட்டு, சாவியை எடுத்து, இறங்கிக் கதவை மூடினால்தான் எஞ்சின் அணையும், வண்டியும் தயார் என்று குறித்துக்கொள்ளும். இடையில் கதவு திறந்தால் ரத்து. அதுவும் கதவு சுவிட்ச் ஒழுங்காக இருந்தால்தான். மூடிய கேரேஜில் எந்த வண்டியையும் இப்படிக் கிளப்பாதீர்கள், புகை வீட்டுக்குள் வரும்.

கூரை திறந்த வண்டியில் அந்த முறைகூடச் செல்லாது. ஒரு தம்பி எம்எக்ஸ்-5 கொண்டுவந்தார், ஏற்கனவே யாரோ போட்டுக் கொடுத்திருந்தார்கள். பிப்ரவரி வெயில், ஏசி ஓடி வண்டி குளிர்ந்திருக்க வேண்டும் என்று ஆசை. "கதவைத் திறந்தால் ரத்தாகிவிடும் அண்ணா, பயமில்லை" என்றார். நான் கதவைத் திறக்கவில்லை. வெளியே நின்றபடியே குனிந்து, கதவுக்கு மேலாகக் கையை விட்டு, கியர் லீவரை முதல் கியருக்குத் தள்ளினேன். கதவு மூடியே இருந்தது, விளக்கு இன்னும் தயார் என்றே மினுக்கியது. தம்பி கொஞ்ச நேரம் லீவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "அலாரத்தை மட்டும் விடுங்க" என்றார். கிளட்ச் சுவிட்சைத் திரும்ப மாட்டி, ரிமோட் ஸ்டார்ட் பெட்டியின் வயர் முனைகளை ஒவ்வொன்றாகக் குழாய் போட்டு மூட ஒரு மணி நேரம் ஆனது.